மரபணு சிகிச்சைக்கு நேரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றிப் பொருத்தும் கல்லீரலை மரபணு சிகிச்சை காப்பாற்றும் என்று போன ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, என் அண்ணி காலையிலேயே போன் செய்து "இதை இங்கே எங்கே செய்யறாங்க?" என்று கேட்டார். அண்ணனுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரல் பொருத்தியது. அந்த வீட்டில் கல்லீரல் என்று எந்தப் பேப்பரில் வந்தாலும் கத்தரித்து வைத்துவிடுவார்கள். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பதில் உங்கள் செய்தியில் இல்லை.

எடுத்த கல்லீரலைக் கரைசலால் அலசி, நாலு டிகிரி குளிரில் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். ரத்தம் நின்ற செல்களில் இருப்பில் உள்ள சக்தி மெல்லத் தீர்கிறது, அதுவும் கெடுதல்தான், ஆனால் பெரிய அடி விழுவது புது உடம்பில் தைத்து ரத்தத்தைத் திறந்துவிடும்போதுதான். பட்டினி கிடந்த வயிற்றில் விருந்தைக் கொட்டின மாதிரி ஆக்சிஜன் ஒரேயடியாக வர, சூப்பராக்சைடு என்ற முரட்டு மூலக்கூறுகள் கிளம்புகின்றன, கல்லீரலிலேயே குடியிருக்கும் குஃப்பர் செல்கள் என்ற காவல் செல்கள் உசுப்பேறுகின்றன, நுண்ணிய ரத்தக்குழாய்களின் உள்சுவர் சேதமாகிறது. கொழுப்பு படிந்த கல்லீரல் என்றால் இந்த அடியைத் தாங்குவது இன்னும் கஷ்டம், ஃபேட்டி லிவர் இல்லாத வீட்டை இப்போது தேட வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

சரி, மரபணு இதில் என்ன செய்யும்? சூப்பராக்சைடை அடக்க நம் உடம்பிலேயே சூப்பராக்சைடு டிஸ்ம்யூட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அதைச் செய்யும் மரபணுவை, சளி பிடிக்கவைக்கும் அடினோ வைரஸில் ஏற்றிக் கல்லீரலுக்கு அனுப்பினால் அது அதிகமாகச் சுரக்கும். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தினர் எலிகளில் இதைச் செய்து 2000-ம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள், சேதமும் குறைந்தது, பிழைத்த எலிகளும் கூடின. இதை நேற்று கண்டுபிடித்த மாதிரி எழுதியதில்தான் எனக்கு முதல் வருத்தம்.

இரண்டாவது வருத்தம் நேரம் பற்றியது. வைரஸ் உள்ளே போய், செல் அந்த மரபணுவைப் படித்து, போதுமான நொதியைச் செய்து முடிக்க நேரம் வேண்டும், அதனால் எலிக்குக் கல்லீரலை எடுப்பதற்கு முன்பே அந்த வைரஸைக் கொடுத்துவைக்கிறார்கள். எலிக்கு நாள் குறிக்கலாம், மூளைச்சாவுக்கு யார் நாள் குறிப்பது? அப்படியே கொடுத்தாலும் அதே உடம்பிலிருந்து இதயமும் சிறுநீரகமும் வேறு வேறு ஆட்களுக்குப் போகின்றனவே, அவர்களுக்கும் அந்த வைரஸ் போகலாமா, அவர்களிடம் யார் சம்மதம் கேட்பது?

உறவினர் கல்லீரலில் பாதியைக் கொடுக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாமே என்பீர்கள், நம் நாட்டில் அதுதான் அதிகமும்கூட. ஆனால் நன்றாக இருக்கிற ஒருவருக்கு வைரஸ் ஏற்ற எந்த டாக்டருக்கு மனசு வரும்? 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், பிறவியிலேயே கல்லீரல் நொதி ஒன்றில் குறை இருந்தும் உணவும் மாத்திரையுமாகச் சமாளித்து வந்த ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையனுக்கு இதே அடினோ வைரஸைக் கல்லீரலுக்குப் போகும் தமனியில் செலுத்தினார்கள், நாலே நாளில் இறந்துபோனான். அந்தத் துறை அதிலிருந்து எழ வருஷக்கணக்கானது.

அப்புறம், உண்மையிலேயே நம்பிக்கை தரும் விஷயத்தை உங்கள் செய்தி தொடவே இல்லை. உறுப்பை ஐஸில் வைக்காமல் மெஷினில் போட்டு, உடம்புச் சூட்டில் ரத்தம் ஓடவிட்டே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 220 பேருக்கு நடந்த மாற்று அறுவைகளை வைத்து 2018-ல் வெளிவந்த ஆய்வில், மெஷினில் இருந்த கல்லீரல்களில், அடிபட்ட செல்களிலிருந்து ரத்தத்தில் கசியும் நொதிகளை வைத்துக் கணக்கிட்ட சேதம் ஐஸில் இருந்தவற்றைவிடப் பாதியாக இருந்தது, அதுவும் எந்த மரபணுவும் இல்லாமல். சூரிச்சில் ஒரு கல்லீரலை மூன்று நாள் மெஷினில் வைத்திருந்து பொருத்தியும் விட்டார்கள். மூன்று நாள் கிடைத்தால் எலிக்குக் கிடைத்த அவகாசம் மனிதக் கல்லீரலுக்கும் கிடைக்கிறது, மற்ற உறுப்புகளுக்கு வைரஸ் போகிற பயமும் இல்லை. டொரான்டோவில் 2009-லேயே, பொருத்த லாயக்கில்லை என்று ஒதுக்கிய மனித நுரையீரல்களை மெஷினில் வைத்து, வீக்கத்தை அடக்கும் ஐஎல்-10 மரபணுவை ஏற்றிப் பார்த்தார்கள், அவை தேறின. கல்லீரலுக்கும் வழி இந்தப் பக்கமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மெஷின் நம் ஊர் அரசு மருத்துவமனைகளுக்கு எப்போது வரும், என்ன விலை என்று உங்கள் நிருபர் விசாரித்து எழுதினால் கல்லீரலுக்காகப் பதிவு செய்து காத்திருக்கும் குடும்பங்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும்.

இனி இப்படிச் செய்தி போடும்போது, செய்தது எலியிலா, பன்றியிலா, மனிதரிலா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அண்ணி கத்தரித்து ஒட்டிய உங்கள் செய்தியின் மேல் இப்போது சிவப்புப் பேனாவில் "எலி" என்று எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி