செய்தவர் பெயர் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிற்பிகளும் ஓவியர்களும் வடிவமைத்த நகைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக் தன் கடைசிக் காலத்தில் கிரேக்கப் புராணத்தை வைத்து உருவாக்கிய நகைகளுக்கு ஒரு முழுப் பக்கமே ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அவற்றைச் செய்தவரின் பெயரை அந்தப் பக்கம் முழுக்கத் தேடியும் காணோம்.

பிராக் கொடுத்தது தாளில் தீட்டிய வண்ணப் படங்கள். அவருக்கு அப்போது எண்பது வயதை ஒட்டியிருக்கும். ஹெகாடி, சர்சி என்று பெயர் சூட்டிய அந்த உருவங்களைப் பொன்னுக்கும் கல்லுக்கும் மாற்றியவர் ஹெகர் தெ லோவன்ஃபெல்ட் என்ற நகைக் கலைஞர். 1963-ல் பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிராக் காலமானார்.

நான் பட்டறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். தாளில் பறவைக்கு ஒரு பக்கம் போதும். பொன்னில் பின்பக்கமும் வேண்டும். உடையில் குத்திக்கொள்ளும் ப்ரோச்சில் ஊசியை நடுவுக்குக் கீழே பற்றவைத்துவிட்டால் அது முன்பக்கம் கவிழ்ந்து தொங்கும். எவ்வளவு பெரிய ஓவியர் வரைந்திருந்தாலும் தொங்கும். அதையெல்லாம் யோசிப்பது யார் வேலை?

பிக்காசோவின் பொன் பதக்கங்களும் இப்படித்தான். அடித்து உருவாக்கியது பொற்கொல்லர் பிரான்சுவா உகோவின் கை. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் வேறு ரகம். ஏறக்குறைய 1,800 நகைகள், கம்பியைத் தானே அடித்து, வளைத்துச் செய்தார். பற்றவைப்புப் பக்கம் அதிகம் போகாமல் முறுக்கியும் ஆணியடித்துமே இணைத்துவிடுவார். அவர் பெயரை மட்டும் போடுவது சரி.

இதில் ஒரு வேடிக்கை. கிரேக்கப் புராணத்தில் ஹெபஸ்டஸ் என்று ஒரு கொல்லர் கடவுளே இருக்கிறார். கால் ஊனம் என்று தாய் தூக்கி எறிந்துவிட, கடலுக்கடியில் ஒரு குகையில் ஒன்பது வருஷம் உடை ஊசியும் காப்பும் கழுத்தணியும் செய்துகொண்டிருந்தார். காப்பாற்றிய இரண்டு பெண்களைத் தவிர தேவர்களுக்குக்கூட அவர் அங்கே இருப்பது தெரியாது. இலியட் என்ற கிரேக்கக் காவியம் சொல்லும் கதை இது.

அந்தக் குகையிலேயே நம் கட்டுரையாளரும் லோவன்ஃபெல்டை விட்டுவிட்டார் போலிருக்கிறது. அடுத்த பகுதியிலாவது ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டாவது பெயரையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகைத் தொழிலாளி,
கோயம்புத்தூர்