ராயபுரம் பள்ளிக் கட்டடத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பள்ளியின் பழைய கட்டடத்தில், மர உத்திரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்டு அடித்த மெட்ராஸ் டெரஸ் என்னும் மாடித் தளம் இடிபடாமலேயே பழுது நீங்கி, வகுப்புகள் மீண்டும் நடக்கின்றன. உழைத்த ஒவ்வொருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

முதல் வணக்கம் கொத்தனார்களுக்கு. இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கோளாறு தளத்தில் இல்லை, பிற்காலத்தில் மேலே பூசிய சிமெண்டில் என்று தட்டிக் காட்டியவர்கள் அவர்கள்தான். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரம் தானாகவே காய்ந்து வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். கடற்காற்றின் உப்பு உள்ளேயே பூத்து, செங்கல் மாவாக உதிரும். ராயபுரத்தில் இது எத்தனையோ பழைய வீடுகளுக்கு நேர்ந்த கதி.

உத்திரங்கள் பர்மாத் தேக்கு. அவற்றின் நடுப்பாகம் இன்றும் இரும்புபோல் உறுதி. சுவருக்குள் புதைந்த முனைகள் மட்டும் உளுத்திருந்தன. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்தத் தேக்கின் வரத்து நின்றது. இடித்த வீடுகளின் பழைய தேக்கைத் தேடித் தந்த மரவாடிக்காரருக்கும், முனைகளை வெட்டி ஒட்டுப்போட்டு போல்ட் முடுக்கிய தச்சர்களுக்கும் நன்றி. முனையைச் சுற்றிக் காற்றுப்போக இடம் விட்டிருக்கிறார்கள். அதை யாரும் கலவை வைத்து அடைத்துவிட வேண்டாம்.

தளம் அடித்த பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வது! உத்திரத்துக்குக் குறுக்குச் சாய்வாகச் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் வரிசை வரிசையாக ஒட்டி, அதன்மேல் 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். கட்டை பதியாமல் துள்ளி எழும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டால் உள்ளே பொந்து நின்று, முதல் மழைக்கே ஒழுகும். எந்த இயந்திரமும் செய்யாத வேலை இது. அதற்கான கூலியை இன்னும் உயர்த்தித் தர வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

வகுப்பு நடத்த இடம் கொடுத்த திருமண மண்டபத்தார், இரண்டு ஷிப்ட் நடத்திய ஆசிரியர்கள், மணல் மூட்டை இறக்கிய ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள், அனைவருக்கும் நன்றி.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன் மாடியின் தூம்புகளில் சருகு அள்ளுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் வேரோடு எடுங்கள். மேலே மட்டும் கிள்ளினால் வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும். விரிசல் கண்டால் சுண்ணாம்பாலேயே பூசச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
முன்னாள் மாணவர்களும் பெற்றோரும்,
ராயபுரம், வட சென்னை