முகவரியில் இருக்கும் பெயர்

பெல்கிரேட்
16 மார்ச் 2023

அன்புள்ள சேகர்,

கயல் கல்யாணப் பத்திரிகை பத்திரமாக வந்து சேர்ந்தது. மூலையில் தடவிய மஞ்சள்கூட மங்கவில்லை. மே மாதம் கட்டாயம் வருகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சமையலுக்கு அதே தாத்தாச்சாரி ஆள்தானா? மூர்த்தியை முதல் பந்தியில் மட்டும் உட்காரவிடாதே.

எட்டு மாதமாக நான் எழுதாததற்கு நீ போன ஜூலையில் கேட்ட கேள்விதான் காரணம். "உன் தெருப் பெயரை எழுதுவதற்குள் கை வலிக்கிறது, யாரப்பா அந்த ஸோரான் ஜின்ஜிச்?" என்று கேட்டிருந்தாய். அவர் பெயர் போட்ட சாலையில் அப்போதே ஒரு வருடம் குடியிருந்துவிட்டேன். செர்பியாவின் பிரதமராக இருந்தார், சுட்டுக் கொன்றார்கள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அதை எழுதி அனுப்ப வெட்கமாக இருந்தது. சரி, தெரிந்துகொண்டு எழுதுவோம் என்று தள்ளிப்போட்டதில் மாதங்கள் ஓடிவிட்டன. போன ஞாயிற்றுக்கிழமையோடு அவர் இறந்து 20 வருடம். எதிர்வீட்டு அம்மா பூ வாங்கிக்கொண்டு கல்லறைக்குக் கிளம்பினார், கூடவே நானும் போனேன். அதிலிருந்து நான்கு நாளாக வேறு நினைப்பே ஓடவில்லை.

அந்த அம்மாவின் சமையலறையில் ஒரு அலுமினியப் பாத்திரம் ஆணியில் தொங்கும். அடிப்பாகம் முழுக்கச் சொட்டை. காப்பி குடிக்கும்போதெல்லாம் பார்ப்பேன், கேட்டதில்லை. அன்று கல்லறையிலிருந்து திரும்பியதும் அவரே அதைக் கழற்றி என் மடியில் வைத்தார். 1996-97 குளிர்காலத்தில் அவர் தட்டிய பாத்திரமாம். நவம்பர் 17 அன்று உள்ளாட்சித் தேர்தலின் இரண்டாம் சுற்று. 'ஸாயெட்னோ', அதாவது 'சேர்ந்து' என்ற எதிர்க்கட்சிக் கூட்டணி பெல்கிரேட், நிஷ், நோவி ஸாட் என்று பெரிய ஊர்களையெல்லாம் பிடித்துவிட்டது. அப்போதைய செர்பிய அதிபர் மிலோஷெவிச்சின் ஆட்கள் தேர்தல் குழுக்களையும் நீதிமன்றங்களையும் வைத்துப் பல ஊர்களில் அதைச் செல்லாது என்று ஆக்கினார்கள். ஜனம் தெருவுக்கு வந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை சேகர், மூன்று மாதம், பனியில். ராத்திரி ஏழரைக்கு அரசுத் தொலைக்காட்சியில் செய்தி தொடங்கும். அந்தப் பொய் யார் காதிலும் விழக் கூடாதென்று ஊரே ஜன்னலைத் திறந்துவைத்துச் சட்டி பானைகளைத் தட்டும். இந்த அம்மா மரக்கரண்டியால் தொடங்கி, அது உடைந்ததும் இறைச்சி தட்டும் சுத்தியலுக்கு மாறியிருக்கிறார். சொட்டைகளை நான் விரலால் தடவிப் பார்த்தேன். சில இடங்களில் உலோகம் காகிதம்போல மெலிந்திருக்கிறது.

கடைசியில் ஐரோப்பாவிலிருந்து ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் பெலிபே கோன்சாலெஸ் வந்து பார்த்து, வென்றது எதிர்க்கட்சிதான் என்று சொல்லிவிட்டார். பிப்ரவரியில் தனிச்சட்டம் போட்டு முடிவுகளை ஒப்புக்கொண்டார்கள். 1997 பிப்ரவரி 21 அன்று, கூட்டணித் தலைவர்களில் ஒருவரான ஜின்ஜிச் பெல்கிரேட் மேயரானார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் வழிவராத முதல் மேயர். நகர மன்றத்தின் உச்சியில் இருந்த செந்நட்சத்திரத்தை இறக்கினார்கள். எழுத எழுத எனக்கே உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் ஏழே மாதம்தான். கூட்டாளி வுக் டிராஷ்கோவிச்சோடு கோடையிலேயே முறிந்துவிட்டது. செப்டம்பரில் நடந்த செர்பிய அதிபர், நாடாளுமன்றத் தேர்தலை ஜின்ஜிச் புறக்கணித்தார், டிராஷ்கோவிச் போட்டியிட்டார். செப்டம்பர் 30 அன்று டிராஷ்கோவிச் கட்சியினர் மிலோஷெவிச்சின் சோஷலிஸ்டுகளோடும் தீவிர தேசியவாதிகளான ரேடிக்கல் கட்சியோடும் சேர்ந்து வாக்களித்து ஜின்ஜிச்சை மேயர் நாற்காலியிலிருந்து இறக்கினார்கள். மூன்று மாதம் பனியில் தோளோடு தோள் நின்றவர்கள்! இதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்கு இன்றும் குரல் ஏறுகிறது.

ஆளைப் பற்றிச் சொல்கிறேன். 1952-இல் போஸ்னியாவில் இராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். படித்தது தத்துவம். மாணவராக இருக்கும்போதே சுதந்திரமான மாணவர் இயக்கம் கட்டப் பார்த்ததற்காகத் தண்டனை வாங்கி, ஜெர்மனிக்குப் போய் கான்ஸ்டன்ஸில் 1979-இல் முனைவர் பட்டம் வாங்கினார். 1989-இல் திரும்பி வந்து ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அந்தக் காலத்துப் படங்களில் குடுமியோடு இருக்கிறார், நம் சிவகாமி டீச்சர் பார்த்தால் வகுப்புக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

நீ உடனே "அப்பழுக்கற்ற ஆள்" என்று முடிவுகட்டிவிடாதே. 1994-இல், போஸ்னியாவின் தலைநகர் சராயெவோ முற்றுகையில் இருந்தபோது, பாலே என்ற ஊருக்குப் போய், முற்றுகையிட்ட போஸ்னிய செர்பியர்களின் தலைவர் கராஜிச்சோடு உட்கார்ந்துவிட்டு வந்தவர். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அம்மாவிடமும் சொன்னேன். "எனக்கும் முடியவில்லை, ஆனாலும் வருடா வருடம் பூ கொண்டுபோகிறேன்" என்றார்.

இப்போது உன்னிடம் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மொட்டைமாடியில் விடிய விடிய நீ சொல்வாயே, சாக்கடையைச் சுத்தம் செய்கிறேன் என்று அதில் கால் வைத்தவன் நாறித்தான் வெளியே வருவான் என்று. நானும் முப்பது வருடமாக அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

2000 செப்டம்பர் 24 அதிபர் தேர்தலில் மிலோஷெவிச் எதிர்க்கட்சி வேட்பாளர் கோஷ்டுனிட்சாவிடம் தோற்றார், வழக்கம்போல ஒப்புக்கொள்ளவில்லை. அக்டோபர் 5 அன்று நாடே பெல்கிரேடுக்குத் திரள்வதாக ஏற்பாடு. முதல் நாள் ராத்திரி ஜின்ஜிச் ஒரு ஜீப்புக்குள் உட்கார்ந்து லேகியா என்பவரிடம் பேசினார். உண்மைப் பெயர் மிலோராட் உலெமெக், 'சிவப்புத் தொப்பிகள்' என்று ஜனம் பயந்த சிறப்புப் படையின் தளபதி. போர்களிலும் உள்ளூர்க் கொலைகளிலும் கை நனைத்த படை அது. கூட்டத்தின் மேல் சுட மாட்டோம் என்று அவர் வாக்குக் கொடுத்தார், காப்பாற்றினார். மறுநாள் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது, ஆனால் அந்தப் படை சுடவில்லை. அந்த அம்மாவும் அவர் மகனும் கூட்டத்தில் இருந்தார்கள். மகனுக்கு அப்போது 19 வயது. இப்போது அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள், என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடுகிற வாண்டுகள். அந்த ஜீப்பில் ஏறியது தப்பு என்று இந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னால் சொல்ல முடியாது சேகர்.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது என்று நினைக்கிறேன். 2001 ஜனவரி 25-இல் செர்பியாவின் பிரதமரானார். ஏப்ரல் 1-இல் மிலோஷெவிச் கைது. ஜூன் 28-இல், நீதிமன்றத் தடையையும் மீறி, அவரை ஹேக் நகரின் போர்க்குற்ற நீதிமன்றத்திடம் ஒப்படைத்தார். அது செர்பியர்களுக்கு 1389-இல் நடந்த கொசோவோ போரின் நினைவு நாள். 1989-இல் அதே நாளில்தான் மிலோஷெவிச் கொசோவோவில் பல இலட்சம் பேர் முன்னால் பேசி உச்சத்துக்குப் போனார். சரியாக 12 வருடம். இவ்வளவு துணிந்த மனிதர், அதே வருடம் நவம்பரில் சிவப்புத் தொப்பிகள் கவச வண்டிகளோடு வந்து நெடுஞ்சாலையை மறித்தபோது இறங்கிப்போனார். அவர்கள் கேட்டபடி உளவுத்துறைத் தலைவர்கள் பதவியிலிருந்து போனார்கள். படை கலைக்கப்படவில்லை. எனக்கு அந்த நவம்பர்தான் உறுத்துகிறது. ஜீப்பில் செய்த பேரம் ஒரு ராத்திரிக்கானது. நவம்பரில் கொடுத்தது, பிரதமரையே மிரட்டலாம் என்ற தைரியம்.

2003 பிப்ரவரி 21. மேயரான அதே தேதி. புதிய பெல்கிரேட் நெடுஞ்சாலையில் ஒரு லாரி அவருடைய கார்களை நோக்கித் திரும்பியது. தப்பித்தார். லாரியை ஓட்டியவனை நீதிமன்றம் சில நாளில் வெளியே விட்டுவிட்டது! என்னை ஒழித்துவிட்டால் சட்டம் நின்றுவிடும் என்று யாராவது நினைத்தால் ஏமாந்துபோவார்கள், இந்த அமைப்பு நான் ஒருவன் அல்ல என்ற பொருளில் அவர் பேசினார். மார்ச் 12, மதியம். கால்பந்து ஆடியதில் காலில் அடிபட்டு, ஊன்றுகோலோடு காரிலிருந்து இறங்கி அரசுக் கட்டடத்தின் பின்வாசலுக்கு நடந்தார். எதிர்க் கட்டடத்து ஜன்னலிலிருந்து குண்டு வந்தது. வயது 50. சுட்டவன் அதே சிவப்புத் தொப்பிப் படையின் துணைத் தளபதி. ஏற்பாட்டின் தலைமையில் இருந்தவர் லேகியா. 2007-இல் இருவருக்கும் 40 வருடச் சிறை. அன்று ஜின்ஜிச் சந்திக்க இருந்தவர்களில் சுவீடன் வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட் ஒருவர். ஆறே மாதத்தில் அவரையும் சுவீடனில் ஒருவன் குத்திக் கொன்றான்.

அந்த ஊன்றுகோல்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. இரண்டு காலும் நன்றாக இருந்து வேகமாக நடந்திருந்தால் என்று நினைக்கிறேன், அப்புறம் குண்டுக்கு அதெல்லாம் கணக்கா என்றும் நினைக்கிறேன். நேற்று வேலை முடிந்து அந்தக் கட்டடத்துப் பக்கம் சும்மா நடந்து பார்த்தேன். பேருந்து நிறுத்தம், பேக்கரி, காதில் ஒலிப்பான் மாட்டிய பிள்ளைகள். நின்று பார்க்கிற ஆள் நான் ஒருவன்தான்.

அந்தப் படையை மார்ச் மாதக் கடைசியில் கலைத்துவிட்டார்கள். ஆள் போன பிறகு. அவசரநிலை அறிவித்து 10,000-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அதில் பாதி வேகம் 2001 நவம்பரில் இருந்திருக்கக் கூடாதா? அப்போது எதிர்த்திருந்தால் தெருவில் இரத்தம் ஓடியிருக்கும் என்கிறார் அந்த அம்மா. இருக்கலாம். கையில் நம்பத்தக்க போலீஸ் இல்லாத பிரதமர் என்ன செய்வார் என்று நானும் யோசிக்கத்தான் செய்கிறேன். ராத்திரி தூக்கம் கெடுகிற அளவுக்கு யோசிக்கிறேன்.

நீ இதைப் படித்துவிட்டு ஒற்றை வரியில் "சொன்னேனா இல்லையா" என்று பதில் போட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நிதானமாக யோசித்து வை. கல்யாண வேலை முடிந்த மறுநாள் ராத்திரி மொட்டைமாடியில் பாய் போடு. மூர்த்தி பாட்டுப் பாடாமல் இருப்பதாக இருந்தால் அவனும் வரட்டும்.

அக்காவின் முழங்கால் வலிக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, இரண்டு குப்பி எடுத்து வைத்திருக்கிறேன். கயலுக்கு என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைப் பையனிடம் அவள் சைக்கிள் கதையைச் சொல்லிவிடாதே, அதை நான் வந்துதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ராகவன்