சுருதியை இறக்கினால் என்ன குறை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மூத்த பாடகர்கள் எப்போது மேடையை விட்டு இறங்க வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குரல் தளர்ந்தவர்கள் ரசிகர்களின் பொறுமையைச் சோதிக்கக் கூடாது என்கிறார் கட்டுரையாளர். எனக்குப் பாதிதான் உடன்பாடு.

இங்கே லண்டனில் நிக் லோவின் கச்சேரி ஒன்றைக் கேட்டேன். பலருக்குப் பெயர் புதிதாக இருக்கலாம். ஆங்கிலேய ராக் பாடகர், பாடலாசிரியர், இசைத் தயாரிப்பாளர்; 1949-ல் பிறந்தவர். பிரிட்டனின் முதல் பங்க் (வேகமும் இரைச்சலுமான ராக் வகை) சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டு ரெக்கார்டு, என்று சொல்லப்படும் 'நியூ ரோஸ்' (1976) இவர் தயாரித்தது. ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் முதல் ஐந்து ஆல்பங்களும் இவர் கைபட்டவை. ஸ்டூடியோவில் 'பேஷர்' (அடித்து நொறுக்குபவர்) என்று பட்டப்பெயர். மளமளவென்று அடித்து முடியுங்கள், மெருகெல்லாம் அப்புறம் என்பாராம்.

அத்தனை இரைச்சலைப் பதிவு செய்த மனிதர் இப்போது எப்படிப் பாடுகிறார்? தணிந்த குரலில், சொல் சொல்லாக. 1974-ல் இவர் எழுதி, பின்னால் காஸ்டெல்லோ ஆவேசமாகப் பாடிப் பிரபலமாக்கிய 'பீஸ், லவ் அண்ட் அண்டர்ஸ்டாண்டிங்' பாட்டை ஒற்றை கிடாரோடு, கிட்டத்தட்ட தாலாட்டு வேகத்தில் பாடினார். (இதே பாட்டை வேறொருவர் பாடி 1992-ல் 'பாடிகார்ட்' படத்தின் இசை ஆல்பத்தில் சேர்த்தார்கள், ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. பாட்டை எழுதிய லோவுக்கு வந்த ராயல்டியால்தான் பிறகு யாருக்கும் தலையாட்டாமல் தன் போக்கில் பாட முடிந்தது. பணமும் குரலைக் காக்கும் போலிருக்கிறது!)

கூட வாசிப்பவர்கள் லாஸ் ஸ்ட்ரெய்ட்ஜாக்கெட்ஸ் என்ற குழுவினர். மெக்சிகோ மல்யுத்தக்காரர்களின் முகமூடியோடுதான் மேடையேறுவார்கள். நடுவில் இவர் உள்ளே போய்விட, அவர்கள் பாட்டில்லாமல் வாத்தியம் மட்டும் வாசித்தார்கள். கூட்டத்துக்குக் கொண்டாட்டம், இவர் தொண்டைக்கு ஓய்வு. எவ்வளவு கெட்டிக்கார ஏற்பாடு!

நம் கர்நாடகக் கச்சேரிகளில் வயதான வித்வான் அரைக்கட்டை, ஒரு கட்டை சுருதியை இறக்கிக்கொண்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மெல்லிசை மேடையில்தான் பிடிவாதம். நாற்பது வருடத்துக்கு முந்தைய ரெக்கார்டில் இருக்கும் அதே சுருதி, அதே வேகம், அதே இடையிசை வேண்டும். பாடகர் எட்டாத இடத்தை எட்டப் பார்த்துத் திணறுகிறார். இல்லையென்றால் பின்னால் ஓடும் டிராக், அதாவது முன்பே பதிவு செய்த குரல், அவருக்காகப் பாடுகிறது. இதில் பாடகரை மட்டும் குறை சொல்வது நியாயமா? ரெக்கார்டில் கேட்டது போலவே இல்லை என்று இடைவேளையில் முணுமுணுப்பது நாம்தானே? அந்த முணுமுணுப்புக்குப் பயந்துதான் அமைப்பாளர்களும் இசைக்குழுவை மாற்றி வாசிக்க விடுவதில்லை.

கட்டுரையாளர் ஓய்வு வயதைக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, அடுத்த கச்சேரி விமர்சனத்தில் பாடகர் சுருதியை மாற்றினாரா, வாத்தியங்களைக் குறைத்தாரா, டிராக் ஓடியதா என்பதை எழுதட்டும். யார் யார் பாடினார்கள், அரங்கம் நிறைந்ததா என்பதோடு உங்கள் விமர்சனங்கள் முடிந்துவிடுகின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லண்டன்