கீழே வள்ளத்தில் இருந்தவன் எழுதுவது

அளம்பில்,
முல்லைத்தீவு.

அன்பு மகளுக்கு,

கப்பல் செங்கடலில் இருந்து வந்து சேர்ந்துவிட்டது, நீயும் ஹெலியோடு இங்கிலாந்தில் உங்கள் ஹெலித் தளமான யோவில்டனுக்குத் திரும்பிவிட்டாய் என்று பெரியம்மா சொன்னார். அம்மா அடுத்த திங்கட்கிழமையே வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய் நேர்த்தியை முடித்துவிட்டு வந்தாள். என்ன நேர்த்தி என்று எனக்கும் சொல்லவில்லை.

போனை எடுத்தால் 'சாப்பிட்டியா' என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன்.

2017இல் நீ பிரிட்டிஷ் நேவியில் ஹெலி ஓட்டச் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டு நான் நாலு மாதம் உன்னோடு கதைக்கவில்லை. நேவி, ஹெலி, இரண்டையும் ஒரே பிள்ளை தேடிப் பிடித்திருக்கிறாளே என்று கோபம். சுனாமி வீட்டைக் கொண்டுபோன அடுத்த வருடம் பெரியம்மாவோடு உன்னை அனுப்பினோம். அப்போது உனக்குப் பத்து வயது. கடைசி யுத்தத்தை நீ லண்டனில் ரீவியில்தான் பார்த்தாய். இங்கே இருந்திருந்தால் அந்தச் சத்தத்துக்குள் போய் நீயாக ஏறி உட்கார்ந்திருப்பாயா என்று இப்போதும் சில வேளை யோசிப்பேன். சரி, அது பழைய கதை.

டார்ட்மவுத் நேவிக் கல்லூரியில் 30 வாரம், பிறகு சின்ன விமானம், ஷோபரியில் ஹெலி, அப்புறம் யோவில்டனில் வைல்ட்கட் என்ற நேவி ஹெலி என்று நீ அடுக்கிச் சொன்னபோது ஊர்ப் பெயர்கள்தான் காதில் விழுந்தன. இரண்டு விஷயம் மட்டும் நன்றாகப் புரிந்தது. இரண்டும் தண்ணீர் சம்பந்தப்பட்டவை.

ஒன்று, அந்தக் குளத்துப் பயிற்சி. ஹெலியின் வயிறு போல ஒரு கூட்டுக்குள் உங்களை வாரால் கட்டி, தண்ணீருக்குள் இறக்கி, தலைகீழாகப் புரட்டிவிடுவார்கள், கடைசித் தடவை விளக்கையும் அணைத்துவிடுவார்கள் என்றாய். கூடு புரண்டு நிற்கும்வரை வாரைக் கழற்றக்கூடாது, ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்தபடி பொறுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னாய். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு உன் அப்பப்பாவின் நினைவு வந்தது. வள்ளம் கவிழ்ந்தால் உடனே நீந்தாதே, எது மேல் எது கீழ் என்று தெரியும்வரை விளிம்பை விடாதே என்று என் காதைத் திருகிச் சொல்லித் தந்தவர். காசு வாங்காத வாத்தியார்.

மற்றது, ஆடுகிற கப்பலில் இறங்குவது. பக்கத்தில் கூடவே பறந்து, தளம் ஆடி ஓய்கிற ஒரு நொடிக்காகக் காத்திருந்து, சட்டென்று வைக்க வேண்டும் என்றாய். வைத்தவுடன் ஹெலியின் வயிற்றிலிருந்து ஒரு கொக்கி இறங்கித் தளத்தில் உள்ள இரும்புச் சல்லடையைக் கவ்விக்கொள்ளும். விசிறியே ஹெலியைத் தூக்காமல் கீழே அழுத்திப் பிடிக்கும். இதை நீ சொன்ன அன்று நான் ஒன்றும் பேசவில்லை. 2009 மாசியில் புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கிறீன் ஓசன் கப்பலுக்குக் காயக்காரரை ஏற்றிப் போன வள்ளங்களில் என்னுடையதும் ஒன்று. கப்பல் கரைக்கு வராது. நாங்கள்தான் பக்கத்தில் அணைக்க வேண்டும். வள்ளம் ஒரு முழம் எழும்பும், கப்பல் அசையாமல் நிற்கும். அடுத்த அலையில் பள்ளத்துக்குள் போய்விடுவோம். இரண்டும் சமமாக வருகிற ஒரு நொடியில் ஆளைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் காயப்பட்ட காலை இரும்பில் அடித்துவிடுவோம். ஒருமுறை அடித்தும் விட்டோம். அந்தப் பொடியன் கத்தவே இல்லை. அதனால் உன் வேலையில் அந்தப் பகுதியை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நீ செங்கடலில் நின்ற மாதங்களில் நான் றேடியோவை நிறுத்தவில்லை. 2023 கார்த்திகையில் ஏமனின் ஹூதிப் போராளிகள் ஹெலியில் வந்து கலக்ஸி லீடர் என்ற கப்பலின் தளத்திலேயே இறங்கி அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மார்கழி 31ஆம் திகதி, ஒரு கொள்கலன் கப்பலைப் பிடிக்க வந்த அவர்களுடைய மூன்று படகுகளை அமெரிக்க நேவி ஹெலிகள் தாழ்த்தின. பத்துப் பேர் முடிந்தார்கள். முதலில் சுட்டது படகில் இருந்தவர்கள்தான் என்று நீ பிறகு சொன்னாய். இருக்கலாம். ஆனால் அன்றிரவு நான் உன் ஹெலிக்குள் இல்லை பிள்ளை, அந்தப் படகுக்குள்தான் இருந்தேன். பழக்கம் அப்படி.

பங்குனியில் ட்ரூ கொன்பிடென்ஸ் கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் செத்தார்கள். அதில் காவலுக்கு நின்றவர்களில் இரண்டு பேர் இலங்கையர் என்றதும் அம்மாவும் றேடியோவுக்குக் கிட்ட வந்துவிட்டாள். இந்திய நேவியின் கொல்கத்தா கப்பலிலிருந்து ஹெலி போய் மிதவையில் கிடந்தவர்களைத் தூக்கியது என்று சொன்னார்கள். 'ஹெலி இதுக்கும் வருமோ' என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இனி, நான் உனக்குச் சொல்லாத ஒன்று. 1997இல், உனக்கு இரண்டு வயது. நானும் மச்சானும் விடியப்புறம் வலை எடுத்துக்கொண்டு நின்றோம். தெற்குப் பக்கத்திலிருந்து ஹெலி வந்தது. ஓட இடமில்லை, எஞ்சினைப் போட்டு ஓடினால் அதுவே குற்றமாகிவிடும். தலைக்கு மேல் வந்து நின்றது. கடல் தட்டையாகிப் போச்சு, தண்ணீர் தூளாகி முகத்தில் ஊசி மாதிரிக் குத்துது. மச்சான் சாறத்தைக் கழற்றி ஆட்டினான். என் கையில் அகப்பட்டது ஒரு பாரைக் குட்டி. அதன் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். மீன்காரன், பார், மீன்காரன் என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? பக்கக் கதவில் ஒருவன் துவக்கோடு இருந்தான். முகம் இல்லை, கறுப்புக் கண்ணாடி மட்டும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள். எங்களைப் போல மீன் தூக்கிக் காட்டிய எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. அது உனக்கும் தெரியும்.

கரைக்கு வரும்வரை அந்தப் பாரையை நான் கீழே போடவில்லையாம். மச்சான் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். அன்று அதைத்தான் கறி வைத்தோம், நீயும் சாப்பிட்டாய்.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் மீனைப் பார்த்தானா, அல்லது வேறு யாரோ கூப்பிட்டுப் போனானா என்று இத்தனை வருடமாக என்னால் தெரிந்துகொள்ள முடியவில்லை. இப்போது கேட்க ஒரு ஆள் கிடைத்திருக்கிறது. உங்கள் ஹெலியின் மூக்கில் கமரா இருக்கிறது, ராடர் இருக்கிறது, பக்கத்தில் அவற்றைப் பார்க்க ஒப்சேவர் இருக்கிறார் என்றாய். ஏமன் கரையிலும் எங்களைப் போல இரவுத் தொழிலுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள்தானே. மேலே இருந்து பார்க்கும்போது வலை தெரியுமா? கையில் இருப்பது மீனா, துவக்கா என்று எவ்வளவு கிட்ட வந்தால் தெரியும்? வருகிற ஞாயிறு அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் எடு, ஆறுதலாகச் சொல்.

சூடைக் கருவாடு காயப் போட்டிருக்கிறோம். பெரியம்மாவின் ஆட்கள் யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

அப்பா