ஏழு முடிச்சு எங்கிருந்து வந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சீனர்கள் கட்டும் சிவப்புக் கயிறு பற்றி வந்த கட்டுரையை ஆர்வமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் கல்யாணம் கூடிவரக் கட்டும் கயிறு, ஆண்டு சரியில்லை என்று கட்டும் கயிறு, டிராகன் படகு விழாவின் ஐந்து வண்ண நூல் மூன்றையும் சேர்த்து முறுக்கி, 'தாவோ சமயக் காப்பு' (தாவோ என்பது சீனர்களின் பழைய சமயம்) என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். போதாக்குறைக்கு, இடக் கையில் ஏழு முடிச்சுப் போட்டால்தான் பலிக்கும் என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பெத்லகேம் பக்கம், யூதர்களின் ஆதித்தாய்களில் ஒருவரான ராகேலின் கல்லறையைச் சுற்றி எடுத்த சிவப்பு நூலை இடக் கையில் ஏழு முடிச்சிட்டுக் கட்டுவது யூதர்களில் சிலரின் வழக்கம். இணையத்தில் விற்பவர்கள் அதைக் கொண்டுவந்து சீனக் கயிற்றில் சேர்த்துவிட்டார்கள். என் மகளே அப்படி ஒன்றை 38 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கினாள். 'தாவோ குருமார் மந்திரித்தது' என்று ஒரு சீட்டு, கூடவே ஏழு முடிச்சுப் போடும் விளக்கப்படம். சீனர்களைக் கேட்டால் பொதுவாக ஆணுக்கு இடம், பெண்ணுக்கு வலம் என்பார்கள். முடிச்சை யாரும் எண்ணி நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி 1965இல், பாம்பு ஆண்டில் பிறந்தவர். 2025இல் மறுபடி பாம்பு ஆண்டு வந்தது. பிறந்த ஆண்டின் விலங்கு 12 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும்போது, தைசுவெய் என்கிற ஆண்டுத் தெய்வத்தின் கண்ணில் நேராகப் பட்டுவிடுவோம் என்பது அவர்கள் நம்பிக்கை. அடக்கி வாசிக்க வேண்டிய ஆண்டு அது. அதனால் உடம்பில் எங்காவது சிவப்பு இருக்க வேண்டும். அவருக்குக் கையில் கயிறு, செருப்புக்குள் சிவப்பு சாக்ஸ். உள்ளாடையும் சிவப்புதான் என்று சிரிக்காமல் சொன்னார்.

என் கணவரும் 1965தான். விசுவாவசு வருஷம். அதுவும் 2025இல்தான் சுற்றி வந்தது. அறுபதாம் கல்யாணம் முடிந்து, மஞ்சள் பூசிய காப்புக் கயிற்றோடு வந்தவரும் அந்த அம்மாவும் மின்தூக்கி வாசலில் மணிக்கட்டை நீட்டி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். இவருக்குக் கொண்டாட்டம், அவருக்குக் கண்டம்! இரண்டு கணக்குக்கும் பின்னால் இருப்பது வியாழன். வானத்தை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறக்குறைய 12 ஆண்டு, ஐந்து சுற்றுக்கு 60. சீனர்கள் அந்த 60 ஆண்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தைசுவெய் வைத்திருக்கிறார்கள். பெய்ஜிங்கின் வெண்மேகக் கோவிலில் 60 பேருக்கும் சிலை உண்டு. ஹாங்காங் வோங் தை சின் கோவிலில் 2011இல் அவர்களுக்கென்றே நிலத்துக்கு அடியில் ஒரு மண்டபம் திறந்தார்கள்.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த அம்மா வாங்கிய கயிறு இரண்டு வெள்ளிதான். சாதாரண நைலான். புத்தாண்டு பிறந்ததும் கோவிலில் பெயரும் பிறந்த தேதியும் எழுதிக் கொடுத்தார். அப்புறம் பெரிய ஊதுவத்திச் சட்டியின் புகைமேல் கயிற்றை வலமாக மூன்று சுற்றுச் சுற்றி எடுத்துக் கட்டிக்கொண்டார். ஆண்டு முடிவில் திரும்பப் போய் தைசுவெய்க்கு நன்றி சொல்ல வேண்டும். போகாவிட்டால் கடன் நிற்கும் என்றார். 38 வெள்ளிக் கயிற்றில் இப்படிக் கோவிலுக்குப் போவதும் வருவதும் எதுவும் இல்லை.

தாவோ குருமாரின் காப்பு என்றால் முதலில் வருவது கயிறே அல்ல, மந்திரச் சீட்டு. மஞ்சள் காகிதத்தில் சாதிலிங்கம் குழைத்த சிவப்பு மையால் எழுதுவது. (நம் சித்த வைத்தியர்கள் சொல்லும் அதே சாதிலிங்கம்தான், பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது.) அந்தச் சீட்டை மடித்துச் சின்னப் பையில் போட்டு, சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிடுவார்கள். தாயத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் வெறும் கயிறு கட்டுவது பெரும்பாலும் சனங்களின் வழக்கம். அதைக் குருமார் தலையில் கட்டுவது சரியில்லை.

ஐந்து வண்ண நூலுக்கு இதையெல்லாம்விடப் பழைய பதிவு உள்ளது. டிராகன் படகு விழா வரும் சீன ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் ஐந்து நிறப் பட்டு நூலைக் கையில் கட்டினால் ஆயுதமும் பேயும் அண்டாது, கொள்ளைநோய் வராது என்று 2ஆம் நூற்றாண்டிலேயே யிங் ஷாவ் என்கிற சீன அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். விழாவுக்குப் பின் வரும் முதல் மழையில் அதை அறுத்து நீரோடு விட்டுவிடுவது பல ஊர்களில் வழக்கம். உங்கள் கட்டுரைக்கு மேலே போட்டிருந்த குழந்தையின் கை இந்த நூலைத்தான் கட்டியிருக்கிறது. படத்துக்குக் கீழே 'சிவப்புக் கயிறு' என்று இருக்கிறது.

கல்யாணக் கயிறு யுவே லாவ் என்கிற கிழவருடையது. சீனாவின் தாங் அரசு காலத்துக் (7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை) கதை. நிலவு வெளிச்சத்தில் ஒரு பைமேல் சாய்ந்து புத்தகம் புரட்டிக்கொண்டிருப்பார், பைக்குள் சிவப்புக் கயிறு. கணவன் மனைவி ஆகப்போகிறவர்களுக்கு அவர் அதைக் காலில்தான் கட்டுகிறார். தைவானில் தைப்பேயின் சியாஹாய் கோவிலிலும் இங்கே பிலிப் ஸ்திரீட் யுவே ஹாய் சிங் கோவிலிலும் இளைஞர்கள் கேட்டு வாங்கிப்போவது இதை. துணை தேடுவதற்கு, தோஷத்துக்கு அல்ல.

பக்கத்து வீட்டு அம்மா பிப்ரவரியில், குதிரை ஆண்டு பிறக்குமுன் கோவிலுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்து உலையில் போட்டுவிட்டு வந்தார். மணிக்கட்டில் வெளுத்த கோடு மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. என் மகள் இன்னும் அந்த ஏழு முடிச்சைக் கழற்றவில்லை. "அழகா இருக்குல்லம்மா" என்கிறாள். அழகுக்கு என்றால் சரி, இருந்துவிட்டுப் போகட்டும். படத்தின் கீழ் உள்ள வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
அங் மோ கியோ, சிங்கப்பூர்