கவுன்ட்டர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு, மரியாதைங்கிற வார்த்தைய பத்தி ஒரு மடல்

கடலூர்ல ஆஸ்பத்திரி, பேங்க், தாலுக்கா ஆபீஸ்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து வேல பாக்கற அண்ணன் அக்கா எல்லாருக்கும் வணக்கம்ங்க.

போன மாசம் எங்க ஆயாவுக்கு சுகர் மாத்திர வாங்கப் போயிருந்தோம். பேர் கூப்ட்டது அதுக்கு காதுல விழல, முன்னாடி போயி மறுபடி கேட்டுச்சு, உள்ளேருந்து "ஏய், மரியாதையா தள்ளி நில்லு"ன்னு ஒரு சத்தம். அடுத்து பேன்ட் சட்டையோட நான் போயி நின்னா "சொல்லுங்க சார்". அதே ஆளு, அதே வாய். ஆயா ஒண்ணுமே சொல்லல, திருப்பாப்புலியூர்லேருந்து வீடு வர்ற வரைக்கும் பஸ்ல முந்தானைய சுருட்டறதும் பிரிக்கறதுமாவே வந்துச்சு.

அதுலேருந்து இந்த வார்த்தைதான் மண்டையில ஓடுது. மரியாதைங்கிறது வடமொழியிலேருந்து வந்தது, அங்க அதுக்கு எல்லை, கரைன்னு அர்த்தம். கடலோரத்துல இருக்கற நமக்கு கரைன்னா என்னன்னு யாரும் வந்து சொல்லித்தர வேணாம். கோயில்ல பரிவட்டம் கட்டி மால போட்டா மரியாதை, சம்பந்தி வீட்ல பத்திரிகைய தாம்பாளத்துல வெச்சி நீட்டலன்னா மரியாதை கொறஞ்சி போச்சு, செத்தவங்களுக்கு கடைசி மரியாதை, இப்டி எவ்ளோ பெரிய வார்த்த அது, ஆனா "மரியாதையா"ன்னு ஆரம்பிச்சா மட்டும் அடுத்து வர்றது மெரட்டல்தான், "மரியாதையா காச எடுத்து வை"ங்கிற மாதிரி. அந்த ஒண்ண மட்டும் ஆயா வயசுல இருக்கறவங்ககிட்ட சொல்லாதீங்க.

தயவுசெய்துன்னு சொல்லுங்கன்னு நான் கேக்கல. அது போர்டுல இருக்கற வார்த்த, "தயவுசெய்து அமைதி காக்கவும்"னு உங்க தலைக்கு மேலயே மாட்டியிருக்கு, வீட்ல யாராவது தயவுசெய்து தண்ணி குடுன்னு கேப்பாங்களா? நாம பணிவா கேக்கறதெல்லாம் "கொஞ்சம்"ங்கிறதுலயும் "ங்க"ங்கிறதுலயும்தான் இருக்கு. கொஞ்சம் தள்ளிக்கங்க. கொஞ்சம் இருங்கம்மா. அவ்ளோதான்.

அதுக்காக "நீ"ன்னு சொன்னாலே தப்புன்னும் இல்ல. எங்க ஆயாவ நாங்க எல்லாரும் வா போன்னுதான் பேசுவோம். பாண்டிச்சேரி போற பஸ்ல கண்டக்டர் "ஆயா, பாத்து ஏறு, கம்பிய புடிச்சிக்க"ன்னு சொன்னப்ப அதுக்கு மொகமே மலந்துடுச்சு, ஏன்னா முன்னாடி ஆயான்னு ஒரு மொற இருந்துச்சு. மொற வெச்சி கூப்டுங்க, இல்லன்னா "ங்க" போடுங்க, ரெண்டும் இல்லாம வெறும் "ஏய்" வேணாம். எரநூறு பேரு நிக்கற லைன்ல உங்களுக்கும் கோவம் வரும், சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியாது, அதையும் நான் பாத்துட்டுதான் சொல்றேன்.

வர்ற செவ்வாக்கெழம மாத்திர வாங்க ஆயா தனியாதான் வருது, எனக்கு லீவு கெடைக்கல. பச்ச சீட்டு கையில இருக்கும், காது மந்தம். கொஞ்சம் ரெண்டு தடவ சொல்லுங்க.